நாற்பதில் எம்.ஏ.: அசைன்மென்ட் முதல் ஆய்வறிக்கை வரை எழுதக் கற்பது எப்படி

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்து, பதினைந்து இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பேனா பிடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் படித்து முடித்தவன்தான். அதன் பிறகு கல்வி மையத்தில் புதிதாக வருபவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். இவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே எழுத உட்காருவார்கள், பாதியில் புத்தகம் தேடுவார்கள், கடைசி நாளில் கேள்வியை மறுபடி படித்துப் பார்ப்பார்கள். அதனால் கீழே உள்ள எண்களை வரிசையாகவே பின்பற்றுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரே கேள்வியைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: "தமிழ்நாட்டில் மதிய உணவுத் திட்டம் பள்ளிச் சேர்க்கையில் ஏற்படுத்திய தாக்கத்தை விமர்சன நோக்கில் ஆராய்க." சமூகவியல், பொது நிர்வாகம், கல்வியியல் எதில் சேர்ந்திருந்தாலும் இந்த மாதிரிக் கேள்வி உங்களுக்கு வரும்.

1. சேரும்போதே முடிக்க வேண்டியவை

இக்னோவோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ வேறு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவோ, நீங்கள் சேரும் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த ஆண்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் அதன் எல்லாப் படிப்புகளுக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். படிப்பில் பெறும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கை (ஏ.பி.சி.) டிஜிலாக்கர் வழியாகத் தொடங்கும்போது இந்த வித்தியாசம் இடிக்கும். சேர்க்கை முடியப் பத்து நாள் இருக்கும்போது ஆதாரைத் திருத்த ஓடாதீர்கள், முன்பே சரிசெய்துவிடுங்கள்.

பயிற்று மொழி என்ன என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல படிப்புகளில் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும், விடையைத் தமிழில் எழுதலாம். சிலவற்றில் இரண்டுமே ஆங்கிலம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் தமிழில் முழுக் கட்டுரையும் எழுதிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. நேரத்தை இரண்டு வகையாகப் பிரியுங்கள்

வேலை, வீடு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவில் தினமும் இரண்டு மணி நேரம் என்று அட்டவணை போட்டால் மூன்றாம் வாரத்தில் அது கிழிந்துவிடும். படிக்கத் துண்டு நேரம் போதும். பேருந்தில் இருபது நிமிடம், மதிய உணவுக்குப் பின் கால் மணி நேரம் கிடைத்தாலும் ஒரு பகுதியைப் படித்துக் குறிப்பெடுக்கலாம். எழுதுவதற்கு அது போதாது. நேற்று விட்ட இடத்தை நினைவுக்குக் கொண்டுவரவே பதினைந்து நிமிடம் ஆகும் என்பதால் அரைமணித் துண்டுகளில் ஒரு பத்திகூட உருப்படாது. வாரத்தில் ஒரு நாள், தொடர்ந்து மூன்று மணி நேரம், யாரும் கூப்பிடாத இடம் ஒன்று வேண்டும். வீட்டில் அது நடக்காது என்றால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

ஒரு அசைன்மென்ட்டுக்கு ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை உடைப்பதும் தேடலும் முதல் வாரம், படிப்பும் குறிப்பும் அடுத்த இரண்டு வாரம், எழுதுவதற்கு ஒரு வாரம், திருத்தவும் படியெடுக்கவும் ஒரு வாரம். எழுதுவதற்கு ஒரே வாரம்தானா என்று கேட்பார்கள். முந்தைய மூன்று வாரம் ஒழுங்காகப் போயிருந்தால் அது தாராளம்.

3. பாடநூலுக்கு முன் கேள்வித்தாளை எடுங்கள்

முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் படித்து முடித்துவிட்டு அப்புறம் கேள்வியைப் பார்க்கலாம் என்பது பள்ளிக்கூடப் பழக்கம். கேள்வி தெரியாமல் படித்தால் எல்லாமே முக்கியம் என்று தோன்றும், புத்தகம் முழுக்க அடிக்கோடு விழும்.

கேள்வித்தாளில் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த ஆண்டுக்கு, எந்தப் பருவத்துக்கு உரியது என்பது. இக்னோவில் அசைன்மென்ட் கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய தாளுக்கு விடை எழுதிக் கொடுத்தால் அத்தனை உழைப்பும் வீண். பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேள்வியை மூன்றாக உடையுங்கள்: என்ன செய்யச் சொல்கிறது, எதைப் பற்றி, எந்த எல்லைக்குள். நம் எடுத்துக்காட்டில் செய்ய வேண்டியது "விமர்சன நோக்கில் ஆராய்தல்". பொருள், மதிய உணவுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் உள்ள தொடர்பு. எல்லை, தமிழ்நாடு. மதிய உணவின் வரலாறு கேட்கப்படவில்லை. ஊட்டச்சத்தும் கேட்கப்படவில்லை. அது எவ்வளவு நல்ல திட்டம் என்றும் யாரும் கேட்கவில்லை. புதியவர்களின் கட்டுரையில் பாதிக்கு மேல் இந்த மூன்றும்தான் இருக்கும்.

கேள்வியின் கடைசிச் சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். "விவரி" என்றால் என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும். "விளக்குக" என்றால் ஏன், எப்படி என்பதும் வேண்டும். "ஒப்பிடுக" என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும். முதல் பாதி முழுக்க ஒன்று, இரண்டாம் பாதி முழுக்க மற்றொன்று என்று எழுதினால் அது ஒப்பீடு ஆகாது. "விமர்சன நோக்கில் ஆராய்க" என்றால் குறை மட்டும் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கூற்றுக்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரம் எவ்வளவு தாங்கும், வேறு விளக்கம் சாத்தியமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

4. உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் இறக்கி வையுங்கள்

வயதில் மூத்த மாணவரின் பலமும் சிக்கலும் அனுபவம்தான். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர், சத்துணவு அமைப்பாளராக வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியர் என்று ஆளுக்கு ஒரு கதை இருக்கும். அதை வெளியே எடுக்காவிட்டால் கட்டுரைக்குள் எங்காவது ஆதாரமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு பக்கம் எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், நடை பார்க்க வேண்டாம். முடித்ததும் ஒவ்வொரு வரியையும் கேள்வியாக மாற்றுங்கள். "எங்கள் ஊரில் சோற்றுக்காகவே பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள்" என்பது உங்கள் நினைவு. "உணவு நேரத்தில் வருகை கூடியதா? வந்தவர்கள் பிற்பகலும் இருந்தார்களா? பெயர் பதிந்தவர்கள் எத்தனை பேர், தொடர்ந்தவர்கள் எத்தனை பேர்?" என்பவை ஆய்வுக் கேள்விகள். பதினெட்டு வயது மாணவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றாது. உங்கள் அனுபவத்துக்குக் கட்டுரையில் இருக்கும் உண்மையான இடம் இதுதான்.

5. தேடும் வரிசை

முதலில் பாடநூல். இக்னோ பாடநூல்கள் பெரும்பாலும் அதன் இ-ஞான்கோஷ் தளத்தில் கிடைக்கின்றன, வேறு பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும் படிக்கலாம். பாடநூலை முதலில் படிக்கச் சொல்வது, உங்கள் துறை எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறது என்பது அதில் தெரியும் என்பதால்தான். "சேர்க்கை" (பெயர் பதிவது), "தக்கவைப்பு" (தொடர்ந்து படிப்பது), "இடைநிற்றல்" (நடுவில் நிற்பது) ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்கள் என்று தெரிந்த பிறகு தேடினால்தான் சரியானது கிடைக்கும்.

இரண்டாவது, அரசு ஆவணங்கள். சட்டமன்றத்தில் ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது துறைவாரியாக வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசு இணையதளத்தில் இருக்கின்றன. சமூக நலத்துறையின் குறிப்பில் சத்துணவு மையங்கள், பயனாளிகள் பற்றிய எண்கள் கிடைக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசியக் குடும்பநல ஆய்வு ஆகியவையும் இலவசமே. ஒரு எச்சரிக்கை: அரசு ஆவணம் தன் திட்டத்தைப் பற்றித் தானே சொல்வது. எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், பாராட்டை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஆய்வேடுகள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்டவை பல பழைய எழுத்துருவிலோ ஸ்கேன் செய்த படமாகவோ இருப்பதால் உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேடினால் சிக்காது. தலைப்பு, துறை, பல்கலைக்கழகம் வழியாகப் போங்கள். ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். முடிவுரை, பிறகு துணைநூற்பட்டியல், பிறகு தேவைப்படும் இயல் மட்டும். துணைநூற்பட்டியல்தான் அங்கே புதையல், அடுத்து எதைப் படிக்கலாம் என்பதை இன்னொருவர் தேடி வைத்திருக்கிறார்.

பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நேரில் போக முடிந்தால் சென்னையில் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மதுரைப் பக்கம் உள்ளவர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், ஆதாரமாகக் காட்டக் கூடாது. அடியில் கொடுத்திருக்கும் மூலத்துக்குப் போய் அதைப் படித்துவிட்டு அதையே காட்டுங்கள்.

ஐநூறு சொல் விடைக்கு நான்கைந்து ஆதாரம் போதும். இருபது கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு ஒன்றையும் திறக்காமல் இருப்பதுதான் வழக்கமான நோய்.

6. குறிப்பெடுக்கும்போதே மூலத்தையும் எழுதுங்கள்

இதை யாரும் முதல் முறை சொன்னதும் கேட்பதில்லை. ஒவ்வொரு குறிப்புத் தாளின் தலையிலும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், பக்க எண். இணையத்தில் எடுத்தது என்றால் முகவரியும் பார்த்த தேதியும். ஒரு பக்க எண்ணுக்காக நூலகத்துக்கு மறுபடி போவது அரை நாள் வேலை, விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம்.

குறிப்புகளை மூன்று வகையாகப் பிரித்து, மூன்று நிறத்தில் எழுதுங்கள். மூல ஆசிரியரின் சொற்களை அப்படியே எடுத்தது, மேற்கோள் குறிக்குள். அவர் கருத்தை உங்கள் சொற்களில் எழுதியது. அதைப் படித்தபோது உங்களுக்குத் தோன்றியது. ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. தெரியாமல் நடக்கும் கருத்துத் திருட்டு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் சொற்களில் எழுதும்போது புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் சொல்லை மட்டும் மாற்றி வாக்கியத்தை அப்படியே வைத்துவிடுவோம். எழுதி முடித்த பிறகு திறந்து, எண்களும் பெயர்களும் சரியா என்று பாருங்கள்.

ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மொழிபெயர்த்துவிட்டதால் அது உங்களுடையது ஆகிவிடாது. ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கி, மூலம் காட்டாமல் வைப்பதும் திருட்டுத்தான். நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருளின் கண்ணில் படாமல் போகலாம், ஆனால் அந்த நூலைப் பாடமாக நடத்துகிற பேராசிரியர் கண்ணில் படும்.

7. விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

படித்து முடித்துவிட்டீர்கள். இப்போதும் கட்டுரை எழுத வேண்டாம். ஒரு நண்பர் கேள்வியைக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள்.

"மதிய உணவுத் திட்டம் பள்ளிக் கல்விக்குப் பெரிதும் உதவியது" என்பது விடை அல்ல. யாரும் மறுக்க மாட்டார்கள், எனவே அதை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. "சேர்க்கை உயர்ந்ததில் மதிய உணவுக்குப் பங்கு உண்டு என்றாலும், அதே காலத்தின் பிற மாற்றங்களிலிருந்து அந்தப் பங்கைப் பிரித்துக் காட்டுவது கடினம், அதன் விளைவைச் சேர்க்கையைவிட அன்றாட வருகையில் தேடுவதே பொருத்தம்" என்பது விடை. இதை ஒருவர் மறுக்க முடியும், நீங்கள் ஆதாரம் காட்டியாக வேண்டும்.

இந்த வாக்கியம் வரவில்லை என்றால் படிப்பு போதவில்லை என்று பொருள். ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். இது வராமல் எழுதத் தொடங்கினால் மூன்றாவது பத்தியில் சிக்கிக்கொள்வீர்கள், அந்தச் சிக்கலை நடையின் குறை என்று நினைத்து வாக்கியங்களைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

8. பத்தி பத்தியாகக் கட்டுங்கள்

ஐநூறு சொல் விடைக்கு ஒரு அளவு: அறிமுகம் அறுபது சொல், நடுவில் மூன்று பத்தி, பத்திக்கு நூற்றிருபது, முடிவு எண்பது. சட்டம் எதுவும் இல்லை. ஆனால் புதியவர்கள் அறிமுகத்துக்கே இருநூறு சொல்லைச் செலவழிப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடுப் பத்திகளை முதலில் எழுதுங்கள், அறிமுகத்தைக் கடைசியில். என்ன சொல்லப்போகிறோம் என்பது எழுதிய பிறகுதான் முழுதாகத் தெரியும்.

ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கூற்று, அதற்குச் சான்று, அந்தச் சான்று கூற்றை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணைக் கொடுத்தால் அதுவே பேசும் என்று நினைப்பு. எண் தானாகப் பேசாது.

புதியவர்களிடமிருந்து அடிக்கடி வரும் பத்தி இந்த மாதிரி இருக்கும்:

"பெருந்தலைவர் காமராஜர் ஏழைப் பிள்ளைகளின் பசியைக் கண்டு மனம் நெகிழ்ந்து மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பின்னர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். இதனால் லட்சக்கணக்கான குழந்தைகள் கல்வி பெற்றனர் என்றால் அது மிகையாகாது. நானும் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவனே."

மேடையில் கைதட்டல் கிடைக்கும். மதிப்பீட்டாளரிடம் கிடைக்காது. ஆண்டு இல்லை. "லட்சக்கணக்கான" என்பதற்கு மூலம் இல்லை. "இதனால்" என்ற ஒரே சொல், நிறுவ வேண்டிய முழுத் தொடர்பையும் நிறுவியாகிவிட்டது போலத் தாண்டிப் போகிறது. கடைசி வரி உண்மையாக இருக்கலாம், ஆனால் சேர்க்கை பற்றி அது எதையும் சொல்வதில்லை.

அதையே இப்படி எழுதலாம்:

"சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று ஊரகப் பகுதிகளில் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு விரிந்தது. இது சேர்க்கையை உயர்த்தியது என்று சொல்ல, முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் ஒப்பிட்டால் மட்டும் போதாது. அதே காலத்தில் புதிய பள்ளிகள் திறந்திருந்தால் உயர்வில் அவற்றுக்கும் பங்கு இருக்கும். மேலும், பதிவேட்டில் பெயர் இருப்பதும் பிள்ளை நாள்தோறும் வகுப்பில் இருப்பதும் ஒன்றல்ல. சோறு கிடைப்பது அன்றைக்குப் பள்ளிக்கு வந்தவருக்கே என்பதால், திட்டத்தின் நேரடி விளைவு வருகைப் பதிவில்தான் முதலில் தெரிய வேண்டும்."

இதில் பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. முதல் வாக்கியத்துக்கு மூலம் காட்ட வேண்டும். கடைசி வாக்கியம் உங்கள் தர்க்கம், அதற்கு மூலம் தேவையில்லை. அடுத்த பத்தியில் வருகை பற்றிய சான்று வந்தாக வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. பத்திகள் இப்படி ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தால் "அடுத்ததாக", "மேலும் பார்க்கும்போது" என்ற ஒட்டுச்சொற்கள் தேவைப்படாது.

9. வேலையில் பழகிய நடையைக் கழற்றி வையுங்கள்

இருபது ஆண்டு ஒரே வேலையில் இருந்தவரின் கையில் அந்த வேலையின் மொழி ஊறியிருக்கும். ஒரு கட்டுரையின் முதல் பத்தியைப் படித்தாலே அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அரசு அலுவலகத்தில் இருப்பவர்கள் "மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தெரிவிக்கப்படுவது யாதெனில்" என்ற தொனியில் எழுதுவார்கள். எல்லாம் செயப்பாட்டுவினை, யார் செய்தார் என்பதே வராது. ஆய்வுக் கட்டுரையில் யார் சொன்னார், யார் செய்தார் என்பதுதான் உயிர். "கருதப்படுகிறது" என்று எழுதியிருந்தால் பக்கத்தில் "யாரால்?" என்று எழுதிப் பதில் தேடுங்கள்.

பள்ளி ஆசிரியர்கள் உள்தலைப்பு, புள்ளி, அடிக்கோடு என்று நோட்ஸாக எழுதுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லாமலே தப்பிக்கப் புள்ளிகள் இடம் கொடுத்துவிடும். அவர்கள் முழுப் பத்திகளில் எழுதிப் பழகுவது கட்டாயம்.

விற்பனையிலும் தொழிற்சங்கத்திலும் இருந்தவர்கள் நம்ப வைக்க எழுதுவார்கள். "சந்தேகமே இல்லை", "அனைவரும் அறிந்ததே", "என்றால் மிகையாகாது". இந்தச் சொற்களைக் கண்டால் அங்கே ஆதாரம் இல்லை என்று பொருள். அடித்துவிட்டு ஆதாரத்தை வையுங்கள், கிடைக்கவில்லை என்றால் கூற்றைக் குறையுங்கள். "பெரும்பாலான" என்பதைச் "சில மாவட்டங்களில்" என்று மாற்றுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

குறளில் தொடங்குவது, "ஆதிகாலம் தொட்டு மனிதன்" என்று தொடங்குவது இரண்டையும் விட்டுவிடுங்கள். குறள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த இரண்டு வரி எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் என்றால் இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

செந்தமிழில் எழுத வேண்டுமா என்று கேட்கிறார்கள். பிழையில்லாத எளிய எழுத்துத் தமிழ் போதும். கலைச்சொல்லை மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே வையுங்கள். ஒரு பத்தியில் "இடைநிற்றல்", அடுத்ததில் "படிப்பை நிறுத்துதல்", பிறகு "ட்ராப் அவுட்" என்று மாற்றினால் மூன்றும் வேறு என்று படிப்பவர் நினைப்பார். பள்ளியில் ஒரே சொல் திரும்ப வரக் கூடாது என்று கற்றுக்கொடுத்தார்கள், கலைச்சொல்லுக்கு அந்த விதி கிடையாது.

10. மூலம் காட்டுவது

மூலம் காட்ட ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. என்று பல முறைகள் உண்டு. உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அது. எதுவும் சொல்லவில்லை என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள். முறை கலந்துவிடுவதுதான் மதிப்பீட்டாளரை எரிச்சலூட்டும்.

ஏ.பி.ஏ. முறையில் கட்டுரைக்குள் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர், ஆண்டு, பக்கம். கடைசியில் முழு விவரத்துடன் அகர வரிசைப் பட்டியல். உள்ளே காட்டிய ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உள்ளே வந்திருக்க வேண்டும். படிக்காத நூல்களைச் சேர்த்துப் பட்டியலை நீளமாக்குவது உடனே தெரிந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு குழப்பம் வரும். மேல்நாட்டுப் பெயரில் குடும்பப் பெயரை முன்னால் கொண்டுவருகிறார்கள். நம் பெயரில் இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதலெழுத்து, ஊர்ப் பெயராகவும் இருக்கலாம். எனவே இயற்பெயரை முதலில் எழுதி, காற்புள்ளி போட்டு, இனிஷியலைப் பின்னால் வையுங்கள். மூலப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு மாற்றிப் போட்டால் கையால் திருத்துங்கள். அந்த வகையில் சொட்டேரோ என்ற இலவச மென்பொருள் நல்லது, ஆனால் இந்த இடத்தில் அதைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மூலம் வேண்டுமா? பொதுவாகத் தெரிந்தவற்றுக்கு வேண்டாம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது என்பதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள் என்று எழுதினால் மூலம் காட்டுங்கள். எண், பிறர் கருத்து, பிறர் வகைப்பாடு ஆகிய மூன்றுக்கும் எப்போதும் மூலம் வேண்டும்.

11. நகல், ரெடிமேட் விடை, சாட்ஜிபிடி

யு.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டிலும் ஆய்வறிக்கையிலும் பிற மூலங்களோடு ஒத்திருக்கும் அளவு பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்திலிருந்து நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதிலிருந்து அறுபது என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக் கொடுக்கத் தடை. அறுபதுக்கு மேல் பதிவே ரத்து. மூலம் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வராது. பத்து விழுக்காடு வரை திருடலாம் என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

தேர்வுக் காலத்தில் கடைகளில் கிடைக்கும் ரெடிமேட் விடைகளைப் பார்த்து எழுதுபவர்கள் பலர். அதே விடை அதே பிழையோடு ஒரே மையத்தில் முப்பது பேரிடமிருந்து வரும். இதைவிடப் பெரிய நட்டம், தேர்வு அறையில் கேள்வி சற்று மாறி வந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேள்வியைப் புரிந்துகொள்ள உதவி கேட்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மூலம் மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத நூலை, இருக்கும் ஆசிரியர் பெயரில், பக்க எண்ணோடு சொல்லும். நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத எதுவும் பட்டியலில் வரக் கூடாது.

12. திருத்தும் வரிசை

எழுதி முடித்த அன்றே திருத்தாதீர்கள். இரண்டு நாள் விடுங்கள்.

முதல் சுற்றில் பிழை திருத்த வேண்டாம். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் அது என்ன சொல்கிறது என்று நான்கு சொல்லில் எழுதுங்கள். எழுத முடியாத பத்தி, உடைக்க வேண்டிய பத்தி. ஒரே குறிப்பு இரண்டு இடத்தில் வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் கூற்றும் சான்றும். மூன்றாம் சுற்றில்தான் வாக்கியம், சந்தி, ஒற்று. நீக்கப்போகும் பத்தியில் ஒற்றுப் பிழை தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை, அதனால்தான் இந்த வரிசை.

கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள். எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை மூன்று வரி தள்ளியும் கிடக்கும் வாக்கியங்களில் மூச்சு முட்டும். அங்கே வெட்டுங்கள்.

13. கையெழுத்துப் படியும் ஒப்படைப்பும்

இக்னோவில் அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், தட்டச்சு செய்தது செல்லாது. தேர்வும் கையால்தான். பல ஆண்டுகளாகக் கையெழுத்து மட்டுமே போட்டு வந்த கைக்கு இரண்டு பக்கத்திலேயே வலி வந்துவிடும். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். அந்த ஒரு பக்கத்தை உங்கள் குறிப்புகளின் சுருக்கமாகவே எழுதினால் இரண்டு வேலை முடியும்.

பெரும்பாலான இக்னோ படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு முப்பது விழுக்காடு மதிப்பு, மீதி எழுபது தேர்வுக்கு. ஆனால் அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் அந்தத் தாளின் முடிவே நிறைவடையாமல் நின்றுவிடும். முதல் பக்கத்தில் பதிவு எண், பாடக் குறியீடு, கல்வி மையக் குறியீடு மூன்றும் சரியா என்று பாருங்கள். முழுவதையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள், ஒப்புகைச் சீட்டை மதிப்பெண் இணையத்தில் ஏறும் வரை பத்திரப்படுத்துங்கள். விடைத்தாள் காணாமல் போவது நடக்கிற விஷயம். கையில் சீட்டு இருப்பவரின் புகாரைத்தான் கேட்பார்கள்.

14. ஆய்வறிக்கைக்குப் போகும்போது

இரண்டாம் ஆண்டில் ஆய்வறிக்கை இருந்தால் இதே வரிசைதான், நீளம் மட்டும் கூடும். ஒன்றிரண்டு விஷயங்கள் மாறும்.

தலைப்பைச் சுருக்குங்கள். "தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம்" என்பதை ஒரு துறையே சேர்ந்து ஆராயலாம். "ஒரு ஒன்றியத்தின் ஐந்து தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுக்குப் பின் முதல் பாடவேளை வருகை" என்பதைச் சனிக்கிழமை விடுமுறை மட்டும் உள்ளவர் ஆறு மாதத்தில் முடிக்கலாம். பள்ளிக்குள் போய்த் தகவல் திரட்ட யாருடைய அனுமதி வேண்டும் என்பதைத் தலைப்பு முடிவாகும் முன்பே விசாரியுங்கள். அனுமதி கிடைக்காத தலைப்பில் முன்மொழிவு எழுதி என்ன பயன்?

இயல்களை எழுதும் வரிசை: ஆய்வு முறை, தரவும் பகுப்பாய்வும், முந்தைய ஆய்வுகள், முடிவு, அறிமுகம். ஆய்வு முறையை முதலில் எழுதச் சொல்வது, நீங்கள் செய்ததை அப்படியே சொன்னால் போதும், கை பழகிவிடும் என்பதால்.

தட்டச்சை யூனிகோடில் மட்டும் செய்யுங்கள். கடையில் கொடுத்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். வேறு கணினியில் திறந்தால் எழுத்து எல்லாம் குப்பையாகத் தெரியும், ஒப்புமைச் சோதனைக்கும் ஏறாது. தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் நீங்களே அடித்துவிடலாம்.

முன்மொழிவுக்கு ஒப்புதல் கடிதம் வந்த பிறகுதான் களப்பணியைத் தொடங்க வேண்டும். தலைப்பில் ஒரு சொல் மாறினாலும் வழிகாட்டியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அறிக்கையின் அட்டையில் உள்ள தலைப்பும் கடிதத்தில் உள்ள தலைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற முன்மொழிவு, கடிதம், வழிகாட்டியின் கையொப்பமிட்ட சான்று ஆகியவற்றை அறிக்கையோடு சேர்த்தே கட்டச் சொல்வார்கள் என்பதால், பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் மூன்றும் உள்ளே இருக்கின்றனவா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.